நாகசுரம் பயின்ற அமெரிக்கர்: சார்லி மரியானோவின் இசை வாழ்வு

நம் சங்க மலரில் நான் எழுதிய கட்டுரைகளைப் படித்து வரும் அன்பர்கள், இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பக்கம் மாறி வந்துவிட்டதோ என்று நினைக்கலாம். சிந்தாமணி, நாலடியார், சித்தன்னவாசல் என்று எழுதிக்கொண்டிருந்தவன் ஜாஸ் இசைக்காரர் ஒருவரைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் உண்டு. இது ஒரு பிழைதிருத்தம்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மலரில் மங்கல வாத்தியங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதில், நாகசுரம் பரம்பரைக்கு வெளியே போகாத வாத்தியம், வீணையும் வயலினும் வெளிநாட்டார் கைக்குப் போனதுபோல் இது போகவில்லை, போகவும் முடியாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். எப்படித்தான் அவ்வளவு தைரியம் வந்ததோ! மலர் வெளியான மறு வாரமே பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என் மரக்கடைக்கு வந்தார். சங்க உறுப்பினர், மேல்நாட்டு இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர். கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து மேசையில் வைத்தார். "நயினார், இதுல பின்பக்கம் என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். சார்லி மரியானோ, சொப்ரானோ சாக்ஸபோன், ஷெனாய், நாகசுரம் என்று இருந்தது.

அது எபர்ஹார்டு வெபர் என்ற ஜெர்மானியரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' என்ற இசைத்தட்டு. 1975-இல் பதிவானது. அன்று மாலை அவர் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன். ஒன்றும் புரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் நடுவில் ஒரு குரல் எழுந்தது. அதை நான் அறிவேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவனுக்கு அந்தக் குரல் தெரியாமல் இருக்குமா? திருவிழா இரவில் இரண்டு மைல் தள்ளியிருந்தாலும் வயல் தாண்டி வந்து எழுப்பிவிடும் குரல் அது. அன்று முதல் இந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். ஜாஸ் எனக்கு இன்றும் பாதிதான் புரியும். மனிதரைப் புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

சார்லி மரியானோ 1923 நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்ருட்சோ மலைப்பகுதியில் ஃபல்லோ என்ற சிற்றூர்தான் பூர்வீகம். வீட்டில் வைத்த பெயர் கார்மினே ஊகோ. சொந்த ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஊர்ப் பெயர் ஒன்றும் உலகப் பெயர் ஒன்றுமாக அமைவது நமக்குப் புதிதல்ல. நம் சங்கத்திலேயே வீட்டில் சுப்பிரமணியாகவும் அலுவலகத்தில் சுப்பியாகவும் இருப்பவர்கள் எத்தனை பேர்!

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இரண்டாம் உலகப் போர். மரியானோ ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். அந்நாட்களில்தான் சார்லி பார்க்கர் என்ற கறுப்பின மேதையின் சாக்ஸபோன் அவர் காதில் விழுந்தது. பார்க்கர் 1920-இல் பிறந்து 1955-இல் மறைந்தவர். வாழ்ந்தது முப்பத்து நான்கே ஆண்டுகள். அதற்குள் ஜாஸ் இசையின் போக்கையே திருப்பிவிட்டார். நம் பக்கத்தில் ராஜரத்தினம் பிள்ளைக்குப் பின் வந்த நாகசுரக்காரர் எவரும் அவர் நிழல் படாமல் வாசிக்க முடியாது போனதுபோல, பார்க்கருக்குப் பின் வந்த ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர்கள் அத்தனை பேரும் அவர் நிழலில் நின்றார்கள். மரியானோவும் நின்றார். அதிலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்பதே அவருடைய பிற்கால வாழ்க்கை என்று சொல்லலாம்.

போர் முடிந்ததும் பாஸ்டனில் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற இசைப் பள்ளியில் சேர்ந்தார். 1945-இல் லாரன்ஸ் பெர்க் என்பவர் தொடங்கிய பள்ளி அது. மேல்நாட்டுச் செவ்வியல் இசையைக் கற்பிக்கும் கல்லூரிகள் ஜாஸைத் தெருப் பாட்டாக ஒதுக்கிவைத்த காலத்தில், அதைப் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுத்த இடம். 1954-இல் நிறுவனர் தம் மகன் லீ பெயரைத் தம் குடும்பப் பெயரோடு சேர்த்து 'பெர்க்லி' என்று பள்ளிக்குப் பெயர் வைத்தார். இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெர்க்லி இசைக் கல்லூரி அதுவே. ஏ. ஆர். ரகுமானுக்கு 2014-இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிய கல்லூரி என்று சொன்னால் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

மரியானோ வாசிப்பவராக மட்டும் இருந்ததில்லை, சொல்லிக்கொடுப்பவராகவும் இருந்தார். 1953-இல் ஹெர்ப் பொமராய் முதலான நண்பர்களுடன் சேர்ந்து பாஸ்டனில் 'ஜாஸ் ஒர்க் ஷாப்' என்ற ஒன்றைத் தொடங்கினார். பட்டறை என்று நாம் தமிழில் சொன்னால் கொல்லன் பட்டறை நினைவுக்கு வரும். உண்மையில் அதுவும் அப்படித்தான். தொழில் தெரிந்தவர் பக்கத்தில் நின்று வாசித்து, பையன்கள் கற்றுக்கொள்வது. நம் நாகசுரக் குடும்பங்களில் சிறுவனை முதலில் ஒத்து ஊதவிட்டு, பிறகு பெரியவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் வாசித்ததைத் திருப்பி வாசிக்கச் சொல்வார்கள் அல்லவா, அந்த முறைக்கு இது வெகு தூரமில்லை. அந்தப் பொமராய் பிறகு பெர்க்லியில் நாற்பது ஆண்டு ஆசிரியராக இருந்தார்.

ஆனால் பட்டறையில் மரியானோ நிலைத்து உட்காரவில்லை. அதே 1953-இல் ஸ்டான் கென்டன் என்பவரின் பெரிய வாத்தியக் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். கென்டன் குழுவின் 1955-ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்றில் 'ஸ்டெல்லா பை ஸ்டார்லைட்' என்ற மெட்டை அவர் தனித்து வாசித்திருப்பதை இன்றும் ஜாஸ் ரசிகர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். பிறகு லாஸ் ஏஞ்சலிசில் ஷெல்லி மான் என்ற டிரம் வாத்தியக்காரர் குழுவில் சில ஆண்டுகள்.

1959-இல் தோஷிகோ அகியோஷி என்ற ஜப்பானியப் பெண்மணியை மணந்தார். இந்த அம்மையார் சாமானியர் அல்லர். மஞ்சூரியாவில் பிறந்து, போருக்குப் பின் எல்லாவற்றையும் இழந்து ஜப்பானுக்குத் திரும்பிய குடும்பம். பியானோ வாசித்துப் பிழைத்து, 1956-இல் உதவித்தொகை பெற்று பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். அங்கே படித்த முதல் ஜப்பானியர். கணவனும் மனைவியுமாக ஒரு நால்வர் குழு அமைத்து 1960-இல் இசைத்தட்டு பதிவு செய்தார்கள். சில காலம் ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் பாடகியாகப் பெயர் பெற்ற மண்டே மிச்சிரு இவர்கள் மகள், 1963-இல் பிறந்தவர். 1967-இல் மணமுறிவு ஏற்பட்டது. ஆசியாவின் வாசல் மரியானோவுக்குத் திறந்தது இந்தத் திருமணத்தின் வழியாகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1963 ஜனவரியில் சார்லஸ் மிங்கஸ் என்ற மாமேதை 'தி பிளாக் செயின்ட் அண்டு தி சின்னர் லேடி' என்ற நீண்ட படைப்பைப் பதிவு செய்தார். அதில் ஆல்ட்டோ சாக்ஸபோன் மரியானோ. முரட்டு மனிதர் என்று பேர் வாங்கியவர் மிங்கஸ். அவரே மரியானோவின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, பதிவு முடிந்த பிறகு மறுபடி அவரை அழைத்து மேலும் வாசிக்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் புரியாத என்னைப் போன்றவர்களும் இதைக் கேட்கலாம். சாக்ஸபோன் அழுகிறது என்று சும்மா சொல்வதில்லை. மூச்சு அடைத்துப் பேச வராமல் தவிக்கிற ஒருவரின் குரல் அது. இந்த ஒன்றோடு நின்றிருந்தாலும் ஜாஸ் வரலாற்றில் அவர் பெயர் இருந்திருக்கும்.

1965-இல் பெர்க்லியில் ஆசிரியரானார். நல்ல வேலை, நல்ல பேர். 1971 வரை அங்கே பணி. இதற்கு நடுவில், 1966-67 வாக்கில், மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கக் கோலாலம்பூர் போனார். போனது சொல்லிக்கொடுக்க. ஆனால் அங்கேதான் அவரே மாணவரானார்.

மலேசியாவில் தமிழர் கோயில்களில் நாகசுரம் ஒலிக்காத நாள் உண்டா? ரப்பர் தோட்டத்துக்கு ஆள் கட்டிக்கொண்டு போன காலத்திலேயே மாரியம்மனும் முருகனும் கூடவே போனார்கள். அவர்களோடு மேளமும் போயிற்று. ஐரோப்பிய இசை அறிஞர்கள் மியூசிக் அகாடமிக்கு வந்து சீசனில் கேட்டுப் போகிற இசையல்ல அது. பிழைக்கப் போன இடத்தில் தமிழன் தன் தெய்வத்துக்காக வைத்துக்கொண்ட இசை. அந்தக் குரல் மரியானோ காதில் விழுந்தது. கேட்டு வியந்து, ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்பியிருந்தால் ஆச்சரியமில்லை. அவர் அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்துக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

சாக்ஸபோனும் ஊதுவது, நாகசுரமும் ஊதுவது, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். சாக்ஸபோன் பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் என்பவர் உருவாக்கி 1846-இல் காப்புரிமை பெற்ற வாத்தியம். உடல் பித்தளை. துளைகளை விரல் மூடுவதில்லை. பித்தளைச் சாவிகள் மூடுகின்றன. சாவியை அழுத்தினால் அந்தச் சுரம் வந்து நிற்கும். வாயில் வைக்கும் நாணல் பட்டை ஒன்றே ஒன்று. அதை ஒரு பிடிப்பான் தாங்கிக்கொள்ளும்.

நாகசுரத்தில் சாவி கிடையாது. ஏழு விரல் துளைகள். கீழே சுருதிக்காக மேலும் சில துளைகள். விரல் முழுதாக மூடினால் ஒன்று, பாதி மூடினால் ஒன்று, லேசாக உருட்டினால் வேறொன்று. சீவாளி என்பது நாணல் தட்டையைப் பதப்படுத்தி இரண்டு இதழாகச் செய்தது. உதட்டுக்கு நடுவில் நேராகவே நிற்கும். உதட்டை அழுத்தினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். கமகம் என்பது பாதி விரலிலும் பாதி உதட்டிலும் மீதி மூச்சிலும் இருக்கிறது. (பாதி, பாதி, மீதி என்றால் கணக்கு உதைக்கிறதே என்று நம் பொருளாளர் கேட்பார். நாகசுரக் கணக்கு அப்படித்தான்.) இருபது ஆண்டு சாக்ஸபோன் வாசித்துப் பழகிய உதடு, அந்தப் பழக்கத்தையெல்லாம் மறந்தால்தான் சீவாளி பேசும். தொழிலில் உச்சத்தில் இருக்கிற ஒருவர், கல்லூரி ஆசிரியர், மறுபடி பிஞ்சுப் பையனைப் போல அபசுரம் ஊதிக்கொண்டு உட்கார்வது லேசா?

மரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது என் தொழில். நல்ல நாகசுரம் ஆச்சா மரத்தில் செய்வது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை ஆசாரிமார்கள் இதில் பேர் போனவர்கள். அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண், நிலை இவற்றில் ஐம்பது வருஷம், நூறு வருஷம் காய்ந்த ஆச்சாதான் வேண்டும். இல்லாவிட்டால் வெடிக்கும், நாதம் வராது. நான் பெங்களூரில் மைசூர் ரோட்டுப் பக்கம் பழைய மரம் வாங்கி விற்பவன். இடித்த வீட்டு ஆச்சா உத்தரம் வந்தால் தட்டிப் பார்த்துத் தனியே எடுத்து வைப்பேன்.

இதைச் சொல்லும்போது சீவக சிந்தாமணி நினைவுக்கு வராமல் இருக்காது. காந்தருவதத்தையின் இசைப் போட்டியில் சீவகனிடம் யாழ்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவன் வாசிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது நீரில் நின்ற மரம், இது அழுகிய மரம், இது இடி விழுந்த மரம் என்று குற்றம் சொல்லித் தள்ளுகிறான். திருத்தக்க தேவர் துறவி. ஆனால் மரம் பார்க்கத் தெரிந்த துறவி! வாத்தியத்தின் உயிர் மரத்தில் இருக்கிறது என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தார்.

நிற்க. 'நாகசுரமா, நாதசுரமா' என்ற பழைய வழக்கில் நான் நாகசுரம் கட்சி. மரியானோவின் இசைத்தட்டு உறைகளிலும் 'நாகசுரம்' என்றே அச்சாகியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்யாணப் பத்திரிகைகளில் நாதஸ்வரம் என்று போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஜெர்மனியில் அச்சான உறையில் பழைய பெயர் நின்றது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது தெளிவு.

பாஸ்டன் திரும்பிய பிறகு அவர் பழைய மரியானோவாக இல்லை. 'ஆஸ்மோசிஸ்' என்று ஒரு ஜாஸ்-ராக் குழு அமைத்து 1970-இல் ஓர் இசைத்தட்டு. அடுத்த ஆண்டே பெர்க்லி வேலையை விட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். நாற்பத்தேழு வயதில் நிலையான சம்பளத்தை உதறிவிட்டுப் போவது வியாபாரியான எனக்கு வயிற்றைக் கலக்குகிற விஷயம். 1970-களில் இந்தியாவுக்கே வந்து நாகசுரப் பயிற்சியைத் தொடர்ந்தார். கடைசியில் ஜெர்மனியில் கொலோன் நகரில் குடியமர்ந்தார்.

ஐரோப்பாவில் அவர் வாசித்த குழுக்கள் ஏராளம். மியூனிக் நகரத்து 'எம்ப்ரியோ' குழுவின் 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டில் நாகசுரம் வாசித்திருக்கிறார். எபர்ஹார்டு வெபரின் 'கலர்ஸ்' குழு. அதில் வந்ததுதான் முதலில் நான் சொன்ன மஞ்சள் பை இசைத்தட்டு. 1976-இல் 'ஹெலன் 12 ட்ரீஸ்' என்று தம் பெயரிலேயே ஒன்று. 1975-இல் தொடங்கிய 'யுனைட்டட் ஜாஸ் அண்டு ராக் என்சாம்பிள்' என்ற பெருங்குழுவில் நெடுங்காலம். லெபனான் நாட்டு ஊத் வாத்தியக் கலைஞர் ரபீ அபூ கலீலோடு 1992-இல் 'புளூ கேமல்'. பட்டியல் போட்டால் மலரின் பாதி பக்கம் போய்விடும்.

அந்தக் காலத்தில் மேல்நாட்டு இசைக்காரர்கள் இந்தியாவைத் தேடி வந்தது பெரிய அலை. 1958-இல் டேவ் புரூபெக் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியாவில் சுற்றிப் போய் 'கல்கத்தா புளூஸ்' என்று ஒரு மெட்டு அமைத்தார். ஜான் கோல்ட்ரேன் பண்டிட் ரவிசங்கர் மேல் கொண்ட மதிப்பால் 1965-இல் பிறந்த மகனுக்கு ரவி என்றே பெயர் வைத்தார். இவர்கள் எல்லோருக்கும் இந்தியா என்றால் சிதார், தபலா. அறையில் உட்கார்ந்து ஊதுவத்தி ஏற்றி வாசிக்கிற இந்தியா. மரியானோ ஒருவரே வெளியில் நின்று வாசிக்கிற, தேருக்கு முன்னால் நடந்து வாசிக்கிற வாத்தியத்தைத் தேர்ந்தார். மேடையில் ஒலிபெருக்கியே தேவைப்படாத வாத்தியம்! பதிவுக்கூடத்தில் அதை அடக்குவது படாத பாடு. இசை உலகில் மதிப்பு வரும் என்று கணக்குப் போட்டால் சிதார்தான் லாபம். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

இனி பெங்களூர்க் கதை. நம் ஊரில் 1964-இல் மிருதங்க வித்வான் டி. ஏ. எஸ். மணி 'கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்' என்ற தாளவாத்தியப் பள்ளியை நிறுவினார். அவர் துணைவியார் ஆர். ஏ. ரமாமணி சிறந்த பாடகி, இசையமைப்பாளர். மரியானோ இவர்களோடு கைகோத்தார். 1983-இல் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காக 'ஜோதி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்கள். ரமாமணியின் குரல், மணியின் மிருதங்கம், ஆர். ஏ. ராஜகோபாலின் கடம், டி. என். சசிகுமாரின் கஞ்சிரா, கூடவே கொன்னக்கோல். இவர்களுக்கு நடுவில் மரியானோ. அந்த உறவு விட்டுப்போகவில்லை; 1998-இல் 'பெங்களூர்' என்று நம் ஊர்ப் பெயரிலேயே இன்னொரு இசைத்தட்டு வந்தது. சென்னையில் பிறந்த ரமேஷ் ஷோத்தம் இந்தப் பள்ளியில் தவில் பயின்று ஜெர்மனிக்குப் போய், மரியானோவோடு பல மேடைகளில் வாசித்தார்.

'ஜோதி'யைக் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் மரியானோ சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிக்கிறார். நாகசுரம் இல்லை! ஜெர்மானியர்களோடு சேரும்போது நாகசுரத்தை எடுத்துக்கொண்டு போனவர், கர்நாடக இசைக்காரர்களோடு உட்காரும்போது அதை உறையிலேயே வைத்துவிட்டார். ஏன்? என் ஊகம் இது: நாகசுரம் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் முன்னால் தம் எல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. தாம் பிறவியிலேயே பேசிய மொழியில் பேசி, அவர்கள் மொழியைக் காதால் வாங்கிக்கொண்டார். ரமாமணி ஆலாபனையாக இழுக்கும்போது சாக்ஸபோன் முந்துவதே இல்லை. ஒதுங்கி நின்று, பின்னாலேயே நடந்து, இடம் கிடைத்தால் இரண்டு வார்த்தை சொல்கிறது. ஜாஸில் ஒரு மெட்டின் அடியில் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். அந்த மாற்றத்துக்குள் வழி கண்டு ஓடுவதே வித்தை. நம் இராகத்தில் அடித்தளம் மாறுவதில்லை. ஒரே இடத்தில் நின்று ஆழம் தோண்ட வேண்டும். ஓடிப் பழகியவர் நிற்கக் கற்றுக்கொண்டதை அந்த இசைத்தட்டில் கேட்கலாம். நாகசுரம் வாசிக்காத இடத்திலும் நாகசுரம் கற்றது பயன்பட்டிருக்கிறது.

ஆசிரியர் குணமும் போகவில்லை. மேல்நாட்டு இசை மாணவர்களுக்காகத் தென்னிந்திய இசை அறிமுகமாக ஒரு நூலும் எழுதினார்.

இவருக்கு எதிர்த் திசையில் நடந்தவர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். கத்ரி கோபால்நாத். 1949-இல் தென் கன்னடப் பகுதியில் பிறந்தார். தந்தை தனியப்பா நாகசுரக் கலைஞர். பையன் மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கண்டு மயங்கினான். அதில் கர்நாடக இசையைக் கொண்டுவரப் பல ஆண்டு பாடுபட்டு, சாவிகளிலேயே மாற்றம் செய்து, கமகம் பேச வைத்தார். 1994-இல் வந்த 'டூயட்' படத்தில் அந்தச் சாக்ஸபோனைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார். 2019 அக்டோபரில் மறைந்தார். நாகசுர வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார். சாக்ஸபோன்காரர் நாகசுரத்துக்கு வந்தார். முன்னவரை நாம் பத்மஸ்ரீ கொடுத்துக் கொண்டாடினோம், சரிதான். பின்னவர் பேர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கேள்வியைப் பிறரிடம் கேட்க எனக்கு யோக்கியதை கிடையாது. அதையும் எழுதிவிடுகிறேன். 2011-இல் என் மகள் கல்யாணம் பெங்களூரில் நடந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மேளம் வரவழைத்தேன். நாகசுரக்காரருக்கு அப்போதே அறுபதுக்கு மேல். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு வாசிப்பவர். முதல் நாள் மாலை வரவேற்பில் அவர் தோடியை எடுத்து நிதானமாக விரித்துக்கொண்டிருந்தார். மேடையில் மெல்லிசைக் குழுவினர் மைக்கைத் தட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள். நான் போய் அவர் காதருகில், "போதும்யா, சீக்கிரம் முடிங்க" என்றேன். அவர் தலையாட்டினார். இரண்டு நிமிஷத்தில் முடித்து, சீவாளியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் முகூர்த்தத்தில் கெட்டிமேளம் குறைவில்லாமல் வாசித்தார். கூலியைக் கூட்டித்தான் கொடுத்தேன். ஆனால் அந்தத் தோடியை முடிக்கவிடவில்லை.

மஞ்சள் பைப் பெரியவர் என் கடைக்கு வந்த நாளில் இதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை; கல்யாணம் அதற்குப் பிறகுதான். நாகசுரம் பரம்பரை தாண்டாது என்று எழுதியவன், அது தப்பு என்று தெரிந்துகொண்டவன், மரியானோவைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தவன், அப்படியும் அதைச் செய்தேன். அதுதான் மனதை அறுக்கிறது.

மரியானோ புற்றுநோயால் பாதிக்கப்பட்டு 2009 ஜூன் 16 அன்று கொலோன் நகரில் காலமானார். வயது எண்பத்தைந்து. முதிர்ந்த வயதிலும் வாசிப்பை நிறுத்தவில்லை.

சென்ற தை மாதம் பொன்னூர் மலைக்கும் மேல்சித்தாமூருக்கும் போயிருந்தேன். வழியில் அந்த நாகசுரக்காரரின் ஊருக்கும் போனேன். வயது எழுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. கோயில் உற்சவத்துக்கு மட்டும் வாசிக்கிறார். பேரன் செங்கல்பட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்விட்டான். கல்யாணத்து விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அட, அதெல்லாம் எல்லாக் கல்யாணத்துலயும் உள்ளதுதானே நயினாரே" என்று சிரித்தார். அவருக்கு நினைவிருந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

என் கைபேசியில் அந்த 1975-ஆம் ஆண்டுப் பதிவை வைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து அவர் காதருகே வைத்தேன். யார் என்று முதலில் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டார். பின்னால் ஓடிய வாத்தியங்களுக்கு முகம் சுளித்தார். நாகசுரம் வந்ததும் விரல்கள் தொடையில் அசைந்தன. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"நம்ம ஆளு இல்லையே இது?"

"இல்லை. அமெரிக்காக்காரர். சாக்ஸபோன் வாசிக்கிறவர். நடு வயசுல கத்துக்கிட்டார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சீவாளி கொஞ்சம் கட்டியா இருக்கு. நல்லா ஊற வைக்கல. விரலும் நம்ம உருட்டு இல்ல. ஆனா மூச்சு இருக்கு பாருங்க, அது நல்ல மூச்சு. இத வாசிக்கறப்ப அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஐம்பத்தொண்ணு" என்றேன்.

"பரவால்ல" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை போடச் சொன்னார்.